விளையாட்டை வாடகைக்குத் தரட்டும்; விற்பதை நிறுத்த வேண்டாம்

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபரில் மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களை விளையாடத் தரும் தனது 'கேம் பாஸ் அல்டிமேட்' சந்தாவை மாதம் 19.99 டொலரிலிருந்து 29.99 டொலராக உயர்த்தியது. 2020 செப்டெம்பரில் இதே சந்தாவுக்குள் இணையவழி விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தபோது விலை 14.99 டொலர். ஐந்தே ஆண்டில் அது இரட்டிப்பானது. அப்போது நம் பணத்தில் அது மாதம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபா, ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். பத்து டொலருக்கும் ஒரு சந்தா இருக்கிறது. அதில் கேம்களின் பட்டியல் சிறியது, புதிய கேம்கள் வெளியாகும் அன்றே கிடைப்பதில்லை. இந்த விலையேற்றம் மேல்நாடுகளில் பெரிய சத்தத்தைக் கிளப்பியது. இங்கே அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. அந்தச் சேவை இலங்கையில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதே இல்லை என்பது ஒரு காரணம். ஆனாலும் இதை நமக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. கேம் உலகின் பெரிய நிறுவனங்கள் சந்தாவின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. கேம்களைச் சந்தாவுக்குத் தருவதில் தவறில்லை, நன்மைகூட உண்டு. ஆனால் சந்தா ஒன்றே வழி என்று ஆகிவிட்டால், திருகோணமலையில், கப்பல்துறை போன்ற ஓர் ஊரில் இருக்கிற இளைஞர் விளையாட்டுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

முதலில் நன்மையை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சந்தாவிலுள்ள இணையவழி விளையாட்டில் கேம் ஓடுவது நம் வீட்டில் அல்ல. நிறுவனத்தின் தரவு மையத்திலுள்ள சக்திவாய்ந்த கணினியில். அங்கே உருவாகும் படம் வீடியோவாக நம் திரைக்கு வருகிறது. நாம் அழுத்தும் பட்டன் மட்டும் இங்கிருந்து அங்கே போகிறது. அதனால் பழைய மடிக்கணினி போதும், ஃபோனும் போதும். புதிய பிளேஸ்டேஷனோ நல்ல கிராஃபிக்ஸ் அட்டையோ வாங்க இலட்சக்கணக்கில் வேண்டும் என்கிற நாட்டில் இது சிறிய விடயம் அல்ல. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை நாம் பார்த்தோம். இறக்குமதிப் பொருள்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பழைய விலைக்குத் திரும்பவில்லை. இன்னொன்றும் உண்டு. இலங்கையில் ஒரு தலைமுறை முழுவதும் கேம் விளையாடப் பழகியது பிரதியெடுத்த சீடிக்களில். கொழும்பு யூனிட்டி பிளாசாவிலிருந்து உள்ளூர்க் கடைகள் வரை அதுதான் வழக்கம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பிறகும் அது நிற்கவில்லை. உரிய விலையில், சட்டப்படி, எளிதாகக் கிடைத்தால் களவுப் பிரதியை யாரும் தேடிப் போகமாட்டார்கள் என்பதைப் பாட்டு விடயத்தில் பார்த்துவிட்டோம். ஸ்பாட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த பிறகு எம்பி3 சீடி கேட்டுக் கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்?

சந்தாவுக்குச் சார்பாக என்னிடம் உள்ள மிகப் பலமான சான்று ஒரு தமிழ்க் கேம்தான். டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31இல் 'வெண்பா'வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் கிழிந்துபோன சமையல் கொப்பியில் அழிந்த வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை ஏறும் என்று யோசிப்பதுதான் முதல் புதிர். துப்பாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்படி ஒரு கேமுக்கு, இட்லி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் 15 டொலர் கொடுப்பாரா என்பது சந்தேகம். ஆனால் வெளியான அன்றே அது கேம் பாஸ் பட்டியலில் இருந்தது. சந்தா கட்டியவர் கூடுதல் செலவின்றி எட்டிப் பார்க்கலாம். பட்டியலில் சேர்ப்பதற்காக மைக்ரோசொஃப்ட் தரும் தொகையும் சிறு குழுக்களுக்கு முன்கூட்டியே கையில் நிற்கிற காசு. 2024இல் வெண்பா பாஃப்டாவின் சிறந்த அறிமுகக் கேம் விருதைப் பெற்றது. தமிழில் பெயர் வைத்து, தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறைக்குள் நடக்கும் ஒரு கேம் இவ்வளவு தூரம் போனதில் சந்தா முறைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதை மறுத்துவிட்டு மேலே வாதாடுவது நியாயமாகாது.

சரி, அந்தச் சேவை நம் ஊருக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி ஓடும்? இணையவழிக் கேமின் உயிர் வேகத்தில் அல்ல, தாமதத்தில் இருக்கிறது. படம் பார்க்கும்போது அடுத்த ஒரு நிமிடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இடையில் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கேமில் அது முடியாது. அடுத்த காட்சி என்ன என்பது நம் விரல் அழுத்திய பிறகுதான் தீர்மானமாகிறது. செக்கனுக்கு 60 காட்சி என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 17 மில்லி செக்கனுக்கும் குறைவு. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் சேவை, தரவு மையத்துக்குப் போய்வரும் தாமதம் 80 மில்லி செக்கனுக்குள் இருக்கவேண்டும், 40க்குள் இருந்தால் நல்லது என்கிறது. கிரிக்கெட் கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து 100 மில்லி செக்கனில் ஏறத்தாழ நான்கு மீற்றர் நகர்ந்துவிடும். துடுப்பை வீச நீங்கள் பட்டனை அழுத்தும் நேரத்தில் உங்கள் திரையில் தெரியும் பந்து பழைய இடத்தில் இருக்கும் பந்து. லாக் அடிக்கிறது என்று பொடியன்கள் சொல்வது இதைத்தான். வேகமான இணைப்பு எடுத்தால் படம் தெளிவாகும்; தூரத்தால் வருகிற தாமதம் அதனால் குறையாது.

அந்தத் தூரத்தை வரைபடத்தில் அளந்து பார்ப்பது நல்லது. திருகோணமலைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீற்றர், சென்னைக்கு 500 கிலோமீற்றர்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும். ஆகவே சிங்கப்பூர் போய்வர 26 மில்லி செக்கன், சென்னைக்கு வெறும் 5. கணக்கில் இது மிக அருமையாக இருக்கிறது. ஆனால் நம் தரவு நேர்கோட்டில் போவதில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் கிடக்கிறது, கிழக்கே வங்காள விரிகுடா முழுவதும் திறந்திருக்கிறது, ஆனால் வெளிநாட்டு இணையக் கடலடிக் கேபிள் ஒன்றுகூட இங்கே கரையேறவில்லை. எல்லாம் கல்கிசை, கொழும்பு, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான். கப்பல்துறையில் ஒருவர் பட்டனை அழுத்தினால், அந்தச் சமிக்ஞை முதலில் நாட்டைக் குறுக்கே கடந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தென்மேற்கே போய், அங்கிருந்து கடலுக்குள் இறங்கி, கிழக்கே சிங்கப்பூருக்கோ வேறெங்கோ போய், அதே சுற்றுவழியில் திரும்ப வேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு கருவியும், படத்தைச் சுருக்கும் நேரமும், விரிக்கும் நேரமும், வீட்டு வைஃபையும் தத்தம் பங்குக்குச் சில மில்லி செக்கனைச் சேர்க்கும். சீட்டாட்டமோ வெண்பா போன்ற நிதானமான கேமோ இதைத் தாங்கும். பந்தடியும் கார்ப் பந்தயமும் தாங்காது.

அடுத்தது டேட்டா. கூகுள் தனது ஸ்டேடியா சேவைக்குச் சொன்ன கணக்கு வெளிப்படையானது. குறைந்த தரத்தில் மணிக்கு 4.5 ஜிபி, முழு எச்டி என்றால் 12.6 ஜிபி. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று மாதம் முழுதும் விளையாடினால் 135 ஜிபியிலிருந்து 378 ஜிபி வரை போகும். வரம்பில்லாத பேக்கேஜ்கள் நம் நாட்டிலும் வந்துவிட்டன. ஆனால் அவற்றின் விலை எல்லாக் குடும்பத்துக்கும் எட்டுவதாக இல்லை. பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. அந்த வீடுகளில் 100 ஜிபி கேம் ஒன்றை இறக்குகிற வழி எல்லோருக்கும் தெரிந்ததே. நள்ளிரவு தாண்டியதும் இறக்கப் போட்டுவிட்டுப் படுப்பது. இரண்டு மூன்று இரவில் முடிந்துவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் விளையாட ஒரு ஜிபிகூடத் தேவையில்லை. இதே 100 ஜிபி இணையவழியில் முழு எச்டியில் வெறும் எட்டு மணி நேர ஆட்டம். அதற்குப் பிறகு மீண்டும் டேட்டா போட வேண்டும். கருவிக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று மிச்சம் பிடித்த காசு மாதாமாதம் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஏழைக்கு மலிவு என்று சொல்லப்படும் முறை, டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவருக்குத்தான் அதிக விலையில் வருகிறது.

மின்சாரத்தையும் இங்கே சேர்த்துத்தான் பேச வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரையைத் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. அப்படிப்பட்ட நாட்களில் விளையாட்டு பெரிய கவலை அல்ல என்பது உண்மை. ஆனால் முகாமிலோ இருண்ட வீட்டிலோ பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு, சார்ஜ் மிஞ்சியிருக்கிற ஒரு ஃபோனில் இணைப்பின்றி ஓடும் ஒரு கேம் இருந்தால் அதன் பெறுமதி தெரியும். இணையவழிக் கேம் அந்த நேரத்தில் ஒரு வெற்றுப் படம்.

இதைவிட எரிச்சலான தடை, காசு கட்டுகிற இடத்தில் இருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பு இலங்கையை ஆதரிக்கப்படும் நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கவில்லை. மைக்ரோசொஃப்டின் கேம் பாஸும் அப்படியே. எனவே நம்மவர்கள் வேறு நாட்டு முகவரியில் கணக்குத் திறக்கிறார்கள், அன்பளிப்பு அட்டை வாங்குகிறார்கள், லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கிற மாமா, சித்தியின் வங்கி அட்டையைக் கேட்கிறார்கள். விதிப்படி இது தவறு. கணக்கு முடக்கப்பட்டால் முறையிட இடமில்லை. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' விடயத்தில் இது அப்பட்டமாக வெளிப்பட்டது. கணினியில் அந்தக் கேமைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இனிக் கட்டாயம் பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்க வேண்டும் என்றது சோனி. அந்தக் கணக்கு திறக்கவே முடியாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் சோனி சில நாட்களில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. அங்கே வாங்கியவர்களின் கையில் ஒரு பிடிமானம் இருந்தது: காசு கொடுத்தோம், பொருள் எங்களுடையது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மாதச் சந்தாக்காரரால் அப்படிச் சொல்ல முடியாது. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கட்டாதே என்பதுதான் அவருக்குக் கிடைக்கிற பதில்.

சந்தாவில் நிரந்தரம் என்று எதுவுமில்லை என்பதற்குச் சான்றுகள் நிறைய. ஒன்லைவ் என்ற சேவை 2010இல் அமெரிக்காவில் தொடங்கி 2015 ஏப்ரலில் மூடப்பட்டது; அதன் காப்புரிமங்களைச் சோனி வாங்கிக்கொண்டது, அங்கே வாங்கப்பட்ட கேம்கள் சேவையோடு சேர்ந்து போயின. கூகுள் 2019 நவம்பரில் 14 நாடுகளில் ஸ்டேடியாவைத் தொடங்கி 2023 ஜனவரி 18இல் மூடியது. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றால் நான்கு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கேமுக்கும் கருவிக்கும் கொடுத்த காசைக் கூகுள் திருப்பித் தந்தது, அதைப் பாராட்டலாம். சந்தாப் பணத்தைத் திருப்பவில்லை. ஸ்டேடியாவுக்கென்றே செய்யப்பட்ட 'அவுட்காஸ்டர்ஸ்' போன்ற கேம் இன்று எந்த வழியிலும் விளையாடக் கிடைக்காது. சேவை உயிரோடு இருக்கும்போதும் பட்டியல் நிலையாக இருப்பதில்லை. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5' கேம் பாஸுக்குள் 2020 ஜனவரியில் வந்தது, மே மாதம் போனது; 2021 ஏப்ரலில் திரும்பியது, ஓகஸ்டில் மறைந்தது; அதன் பிறகும் வந்து போனது. நாற்பது மணி நேரம் ஆடி முக்கால்வாசிக் கதையில் நிற்கிற ஒருவர், உரிமப் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அதே கேமை முழு விலைக்கு வாங்க வேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், வலுவானதும்கூட. இன்று காசு கொடுத்து வாங்குவதும் சொந்தமாக்குவது அல்லவே, வெறும் உரிமம்தானே என்பார்கள். உண்மைதான். யூபிசொஃப்டின் 'த க்ரூ' 2014இல் வட்டிலும் விற்கப்பட்டது. 2024 மார்ச் 31இல் சேவையகத்தை நிறுத்தியதும் அந்த வட்டு எதற்கும் உதவாமல் போயிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அது முன்வைத்த கோரிக்கைக்கு 2025இல் பத்து இலட்சத்துக்கு மேல் கையொப்பம் சேர்ந்தது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று சொல்லி ஏமாற்றக்கூடாது என்று கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் சட்டம் போட்டிருக்கிறது. ஆக விற்பனை முறையிலும் ஓட்டை இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கத்தான் மக்கள் போராடுகிறார்கள், சட்டமன்றங்கள் வேலை செய்கின்றன. இதைக் காட்டி, இருக்கிற உரிமையையும் விட்டுவிடலாம் என்று முடிவு கட்டுவது தலைகீழான நியாயம். தவிர, எல்லா விற்பனையும் ஒன்றல்ல. ஜிஓஜி தளத்தில் வாங்கிய கேமின் நிறுவற் கோப்பை நம் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஸ்டீம் தளத்தில் இணைப்பின்றி விளையாடும் வழி இருக்கிறது. வெளியீட்டாளர் விரும்பினால் இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாடுகளுக்குக் குறைந்த விலை வைக்கவும் முடியும். திருகோணமலையில் இருப்பவருக்குச் சட்டப்படி கேம் கிடைக்கிற முக்கிய வழி இன்று இதுதான். சந்தா நிறுவனங்கள் இன்னும் எட்டிப் பார்க்காத ஊருக்கு விற்பனையாளர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் ஃபோனிலேயே எல்லாக் கேமும் கிடைத்தால் படிப்புக் கெடும் என்கிற பெற்றோரின் பயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது வாங்கிய கேமுக்கும் பொருந்தும், இலவசக் கேமுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நான் கூடுதலாகக் கவலைப்படுவது இருபது ஆண்டு கழித்து என்ன மிஞ்சும் என்பதைப் பற்றி. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 வீதம் இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்ந்து சொன்னது. அவை வட்டாகவும் கசெட்டாகவும் விற்கப்பட்ட காலத்துக் கேம்கள். யாரோ ஒருவரின் அலுமாரியில் ஒரு பிரதியாவது இருக்கும், தேடினால் எடுக்கலாம். தரவு மையத்தில் மட்டும் ஓடுகிற கேமுக்கு அலுமாரிப் பிரதி கிடையாது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்த ஏடுகளும் நூல்களும் திரும்பவே இல்லை; பல பிரதியாகப் பரவியிருந்தவை மட்டும் வேறு வீடுகளிலிருந்து மீண்டு வந்தன. வெண்பா போன்ற ஒரு தமிழ்ப் படைப்பு சந்தாப் பட்டியலோடு நிற்காமல் விற்பனைக்கும் கிடைக்கிறது என்பதால்தான் எனக்கு நிம்மதி. அதை இறக்கி வைத்திருக்கிற கணினிகளில் ஏதோ ஒன்று, நிறுவனங்கள் கைமாறிய பிறகும் அதைக் காப்பாற்றித் தரும்.

ஆகவே கேட்க வேண்டியது சந்தாவைத் தடைசெய்வதை அல்ல. பட்டியலில் வைக்கிற ஒவ்வொரு கேமையும் இணைப்பின்றி ஓடும் வடிவில் தனியாகவும் விற்க வேண்டும். ஒரு கேமை நீக்குவதற்குச் சில மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். சேமித்து வைத்த ஆட்டத்தை வாங்கிய பிரதிக்குக் கொண்டுபோக விட வேண்டும். சேவையை மூடினால் கட்டிய சந்தாவில் மீதியைத் திருப்ப வேண்டும். இவ்வளவு பெரிய நிறுவனங்களைச் சின்ன இலங்கை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்கலாம். இதுவரை அது நியாயமான கேள்விதான். இனி அப்படி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சேவைகளுக்கு 18 வீதப் பெறுமதி சேர் வரி அறவிட 2025இல் நம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. முதலில் அந்த ஆண்டு ஒக்டோபரில் தொடங்குவதாக இருந்து, பின்னர் 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளிவைத்தார்கள். வரி கட்டுவதற்காக ஒரு நிறுவனம் இங்கே பதிவு செய்கிறது என்றால், அதன் வாடிக்கையாளர் இங்கே இருக்கிறார் என்று அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் பொருள். அப்படியானால் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அந்த வாடிக்கையாளரின் முறைப்பாட்டையும் ஏற்க வேண்டும். இலங்கை முகவரியில் திறந்த கணக்கை நிறுவனம் காரணமின்றி முடக்கினாலோ, கட்டிய காசுக்குரிய கேமை எடுத்துவிட்டாலோ, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு படிவம், பதிலளிக்க ஒரு காலக்கெடு, இங்கேயே ஒரு பொறுப்பாளர் என்று இருக்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தன் பங்குக்கு, மாவட்டவாரியாக இணைய வேகத்தை மட்டுமல்லாமல் தாமதத்தையும் அளந்து வெளியிடட்டும். கிழக்குக் கரையில் ஒரு கேபிள் ஏன் கரையேறவில்லை என்ற கேள்வியை அந்த எண்களை வைத்துக்கொண்டு கேட்கலாம்.